வியாழக்கிழமை மூணுலேர்ந்து அஞ்சு: பேலியேட்டிவ் கேர் வாலண்டியர் வேலை நெஜமா எப்படி இருக்கும்

"சாகக் கெடக்கறவங்களை போயி பாக்கறியாமே, மனசு தாங்குதா உனக்கு?" இதைக் கேக்காத சொந்தக்காரங்களே இல்ல. தாங்குது. சொல்லப்போனா அந்த வீடுங்கள்ல பாதி நாள் சாவைப் பத்தி பேச்சே வராது, டிவி சேனல் மாத்தறதுல சண்டை, பேரன் வாங்கின மார்க், மேல் வீட்டுக்காரங்க போடற சத்தம், இதுதான் ஓடிட்டு இருக்கும். ஒரு பேலியேட்டிவ் கேர் டீமோட சேந்து நான் போக ஆரம்பிச்சு சில வருஷம் ஆச்சு, புதுசா சேரணும்னு ஆசைப்படறவங்க திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேக்கறதால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்திருக்கேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மொதல்ல ஒரு கொழப்பத்தை தீத்துடறேன். பேலியேட்டிவ் கேர்னா கடைசி ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்கறதுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, அப்படி இல்ல. வியாதி பெருசுன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்தே, கீமோ ரேடியேஷன்னு ட்ரீட்மென்ட் ஒரு பக்கம் ஓடும்போதே, வலி, வாந்தி, மூச்சுத் திணறல், தூக்கமில்லாம தவிக்கறது, பயம் இதையெல்லாம் கவனிக்கறது தான் அது. குணப்படுத்தற ட்ரீட்மென்ட் இனிமே போதும், இருக்கற நாளை நிம்மதியா விடுவோம்னு முடிவான அப்புறம் வர்ற பகுதி ஹாஸ்பிஸ். கேன்சர்காரங்களுக்கு மட்டும்னும் இல்ல, ஹார்ட் ஃபெயிலியர், கிட்னி போனவங்க, நுரையீரல் கெட்டு ஆக்சிஜன்ல இருக்கறவங்க, மறதி நோய் முத்தினவங்க எல்லாருக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி வருஷத்துக்கு சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இது தேவைப்படுது, கெடைக்கறது 14 சதவீதம் பேருக்குத்தான். கெடைக்கற வீட்டுலயும் நர்ஸ் வாரத்துக்கு ஒரு தடவை வந்தா பெரிய விஷயம், வந்தாலும் ட்ரெஸ்ஸிங் மாத்தி, ட்யூப் பாத்து, மருந்து கணக்கு பாத்துட்டு அடுத்த வீட்டுக்கு ஓடணும். மிச்ச நேரம் பூரா வீட்ல இருக்கற ஒரு மனுஷி தலைமேல. மனுஷின்னு ஏன் சொல்றேன்னா நான் பாத்த வரைக்கும் அது பொண்டாட்டி, இல்ல பொண்ணு, இல்ல மருமக, மகன்கள் பாத்துக்கறதும் உண்டு, கம்மி.

அந்த மனுஷிக்குத்தான் வாலண்டியர் முக்கியமா தேவை. இது எனக்குப் புரிஞ்சது ஒரு வீட்ல. ஐயா படுத்த படுக்கை, அந்த அம்மா தான் எல்லாம். எனக்குக் குடுத்தது வியாழக்கிழமை சாயங்காலம் மூணுலேர்ந்து அஞ்சு. ஆரம்பத்துல நான் போனா அவங்க வெளிய போகவே மாட்டாங்க, பக்கத்து ரூம்ல கதவைத் தெறந்து வெச்சிட்டு கட்டில் நுனியில உக்காந்திருப்பாங்க, ஐயா இருமினா ஓடி வருவாங்க. போங்கம்மா நான் இருக்கேன்னு சொன்னா தலையாட்டுவாங்க, போக மாட்டாங்க. நான் எதுவும் வற்புறுத்தல, ஒவ்வொரு வியாழனும் மூணு மணிக்கு பெல் அடிச்சேன், அவ்ளோதான். கொஞ்ச வாரம் கழிச்சு ஒரு நாள் பெல் அடிக்கறேன், கதவு உடனே தெறக்குது, செருப்பு போட்டு கைப்பையோட ரெடியா நிக்கறாங்க. "அஞ்சு வரைக்கும் இருப்பீங்கல்ல?" போனவங்க எங்க போனாங்கன்னு பாத்தா பல் டாக்டர்கிட்ட. மாசக்கணக்கா ஒரு பல் வலிச்சிட்டே இருந்திருக்கு, அதை புடுங்கிட்டு வாயில பஞ்சை கடிச்சிட்டே வந்து நின்னாங்க, முகத்துல அப்படி ஒரு தெளிவு.

வாரா வாரம் ஆள் மாறினாலோ, நேரம் மாறினாலோ அந்தம்மா பல் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கவே முடியாது. அதனால தான் புதுசா வர்றவங்ககிட்ட நான் கேக்கற மொத கேள்வியே உங்க மனசு எவ்ளோ பெருசுன்னு இல்ல, உங்களால எந்த கெழமை எந்த நேரம் மாறாம வர முடியும்னு. வாரம் ஏழு நாளும் வர்றேன்னு உணர்ச்சிவசப்பட்டு சொல்றவங்க ரெண்டாவது மாசம் காணாம போயிடறாங்க. பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா ஒரு மணி நேரம்தான் முடியும், ஆனா கட்டாயம் வருவேன்னு சொன்ன ஒரு காலேஜ் பையன் இன்னமும் வந்துட்டு இருக்கான்.

ட்ரெயினிங் பத்தி. ஒழுங்கான டீமா இருந்தா ட்ரெயினிங் குடுக்காம யாரையும் வீட்டுக்குள்ள அனுப்ப மாட்டாங்க, அனுப்பறாங்கன்னா கொஞ்சம் யோசிங்க. எங்களுக்கு அதுல பாதி நேரம் என்னென்ன செய்யக்கூடாதுங்கறதுக்கே போச்சு. மருந்தை நம்ம கையால குடுக்கறது, அளவை மாத்தறது கூடாது. ஆளைத் தனியா தூக்கக் கூடாது, அவங்களும் விழுவாங்க நம்ம முதுகும் போகும். பணம், பேங்க் கார்டு, உயில், கையெழுத்து இதுல எதுலயும் தலையிடக் கூடாது, பரிசுன்னு எது குடுத்தாலும் கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லிடணும். போட்டோ எடுக்கவே கூடாது, அந்த வீட்ல கேட்டது அந்த வீட்டோட. இந்த கடைசி விஷயம் கேக்கறதுக்கு சுலபம், ஆனா ஒரே ஏரியாவுல இருக்கறப்ப கடைத்தெருவுல பாக்கறவங்க எல்லாம் "அவருக்கு எப்படி இருக்கு, எத்தனை நாள் தாங்கும்னு சொல்றாங்க"ன்னு கேப்பாங்க பாருங்க, அப்ப சிரிச்சிட்டே "வீட்டுக்காரங்களையே கேளுங்க"ன்னு நகர்றதுக்கு ஒரு பழக்கம் வேணும்.

ரொம்ப பேர் பயப்படறது என்ன பேசறதுன்னு தான். பேசவே வேணாம்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். நாற்காலியை இழுத்து அவங்க கண்ணு மட்டத்துக்கு உக்காருங்க, நின்னுட்டே பேசினா கெளம்பப் போற ஆள் மாதிரி இருக்கும். ஃபோனை பையில போடுங்க. "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" இந்த மூணையும் வாயிலேர்ந்தே எடுத்துடுங்க, சரியாகாதுன்னு அவங்களுக்குத் தெரியும், நீங்க அப்படி சொன்ன உடனே இந்த ஆள்கிட்ட நெஜத்தை பேச முடியாதுன்னு முடிவு பண்ணிட்டு வாயை மூடிக்குவாங்க. எங்க மாமாவுக்கும் இதே வியாதி தான்னு நம்ம கதையை ஆரம்பிக்கறதும் வேணாம்.

கஷ்டமான கேள்வி ஒண்ணு கண்டிப்பா வரும், "நான் செத்துடுவேனா?" பல வீட்ல நோயாளிகிட்ட வியாதி என்னன்னே சொல்லியிருக்க மாட்டாங்க, வாசல்லயே நம்மளை நிறுத்தி "அவர்கிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க"ன்னு கையைப் புடிச்சிக்குவாங்க, உள்ள போனா அவர் மெதுவா "எனக்கு எல்லாம் தெரியும், அவளுக்குத் தெரிய வேணாம், பாவம் தாங்க மாட்டா"ம்பார். ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் நடிச்சிட்டு இருப்பாங்க. இதை ஒடைக்கறது நம்ம வேலை இல்ல, அதுக்குன்னு பொய் சொல்றதும் நம்ம வேலை இல்ல. நான் திருப்பிக் கேப்பேன், "ஏன் இப்ப அப்படித் தோணுது உங்களுக்கு?" பெரும்பாலும் அந்த கேள்விக்குள்ள வேற ஒண்ணு இருக்கும், வலி அதிகமாகுமோ, பொண்ணு கல்யாணத்துக்கு இருப்பேனா, ராத்திரி தனியா இருக்கறப்ப மூச்சு நின்னுட்டா என்ன பண்றது. அது வெளிய வந்துட்டா, அவங்க சம்மதத்தோட டீம்ல சொல்லிட்டா டாக்டரோ கவுன்சிலரோ பாத்துக்குவாங்க.

உடம்பு சம்பந்தமா வாலண்டியருக்கு தெரிஞ்சிருக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனா அந்தக் கொஞ்சம் பெரிய வித்தியாசம் பண்ணும். வாய் வறண்டு போறது பெரிய கொடுமை, வாயால மூச்சு விடறவங்களுக்கு நாக்கு ஒட்டிக்கும், பேச்சே வராது. முழுங்கற நெலைமையில இல்லாதவங்களுக்கு தண்ணியை ஊத்தக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போயிடும், சுத்தமான பஞ்சையோ மெத்துனு ஸ்பாஞ்ச் குச்சியையோ தண்ணில நனைச்சு நல்லா பிழிஞ்சிட்டு ஒதட்டையும் வாய்க்குள்ள கன்னத்து ஓரத்தையும் மெதுவா தொடைக்கணும், நர்ஸ் ஒரு தடவை காட்டினா கத்துக்கலாம். மூச்சுத் திணறல்ல இருக்கறவங்களுக்கு ஜன்னலைத் தெறந்து, தலையை ஒசத்தி வெச்சு, ஒரு சின்ன ஃபேனை முகத்துக்கு நேரா காத்து படற மாதிரி புடிச்சா திணறல் உணர்வு கொறையும், இது ஆராய்ச்சிலயே பாத்திருக்காங்க, ஆனா பத்து சொந்தக்காரங்க கட்டிலைச் சுத்தி நின்னு அந்தக் காத்தை மறைச்சிட்டு இருப்பாங்க, அவங்களை நயமா நகத்தறதும் ஒரு வேலை. ஒரே பக்கம் படுத்திருந்தா புண்ணு வரும், இடுப்பு, குதிகால், முட்டி இங்க செவந்திருந்தா அன்னிக்கே நர்ஸுக்கு சொல்லணும், நாளைக்கு வருவாங்கல்ல சொல்லிக்கலாம்னு விடக்கூடாது.

சாப்பாடு தான் எல்லா வீட்லயும் சண்டை. சாப்பிடாததால தான் இப்படி ஆகுதுன்னு குடும்பம் நெனைக்கும், நெஜத்துல கடைசி கட்டத்துல உடம்பு மெல்ல அடங்கறதால தான் பசி போகுது. வாயைத் தொறங்க வாயைத் தொறங்கன்னு ஸ்பூனை வெச்சு இடிக்கறதை பாக்கறப்ப நமக்கே அடைக்கும். ஊட்டாதீங்கன்னு நாம சொன்னா எடுபடாது, நர்ஸோ டாக்டரோ உக்காந்து விளக்கணும். ஆனா அந்த அம்மாவுக்கு கை சும்மா இருக்கக் கூடாதுங்கறது தான் விஷயம், ஊட்டறதுக்கு பதிலா ஒதட்டுக்கு ஈரம் தொடறது, கால்ல எண்ணெய் தடவறதுன்னு வேற ஏதாவது காட்டிட்டா அவங்களும் கொஞ்சம் அமைதியாவாங்க.

மார்ஃபின்னு பேர் கேட்டாலே பயம், "அது குடுத்தா அவ்ளோதான், இனிமே எழுந்திரிக்க மாட்டாங்க". நவீன ஹாஸ்பிஸை ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ், 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸை தெறந்தவங்க, டாக்டருக்கு படிக்கறதுக்கு முன்னாடி சாயங்காலத்துல ஒரு ஹாஸ்பிஸ்ல வாலண்டியரா வேலை பாத்தவங்க தான். அங்க தான், வலி வந்து துடிச்ச அப்புறம் மார்ஃபின் மாதிரி வலி மருந்து குடுக்கறதை விட்டுட்டு வலி திரும்ப வர்றதுக்கு முன்னாடியே நேரத்துக்கு நேரம் குடுத்தா மனுஷன் தெளிவா பேசிட்டு இருக்கான்னு கண்ணால பாத்தாங்க. உடம்பு வலியோட மனசு, குடும்பம், பணக்கவலை, ஆன்மிகத் தவிப்பு எல்லாம் சேந்தது தான் ஒருத்தரோட மொத்த வலின்னு பின்னாடி அவங்க சொன்னது தான் இன்னிக்கும் எல்லா ட்ரெயினிங்லயும் மொத பாடம். டாக்டர் சரியான அளவுல குடுத்தா மார்ஃபின் சாவை சீக்கிரம் கொண்டு வர்றதில்ல, மொதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும் அப்புறம் கொறையும், மலச்சிக்கல் மட்டும் அநேகமா எல்லாருக்கும் வரும், அதுக்கும் சேத்தே மருந்து எழுதுவாங்க. இதை நாம டாக்டர் மாதிரி பாடம் எடுக்க வேணாம், ஆனா மாத்திரை அட்டையில பாதி அப்படியே இருக்கு, வீட்ல பயந்துகிட்டு ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு நம்ம கண்ணுல பட்டா அன்னிக்கே நர்ஸுக்கு தெரியணும். வலி எத்தனை மணிக்கு வந்துச்சு, எவ்ளோ வலின்னு பத்துக்கு எத்தனை மார்க், திரும்பிப் படுக்கறப்பவா சும்மா இருக்கறப்பவான்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சா நர்ஸ் வந்து அஞ்சு நிமிஷத்துல முடிவெடுப்பாங்க.

இன்னொரு வீட்டைப் பத்தி சொல்லியே ஆகணும். அங்க இருந்தவர் ரொம்ப கறார், மொத நாளே "எனக்கு ஆறுதல் எல்லாம் வேணாம், வேலை செய்வீங்களா?"ன்னாரு. செய்றேன்னேன். மேசை ட்ராயரைத் தெறக்கச் சொன்னாரு, உள்ள ஒரு கொத்து சாவி, எத்தனை வருஷமா சேந்ததோ. ஒவ்வொண்ணா எடுத்து அவர் கண்ணுக்கு நேரா காட்டணும், அவர் பாத்து இது பீரோ, இது பின்கதவு, இது பழைய வீட்டுது தூக்கிப் போடுன்னு சொல்லுவாரு, நான் சின்ன அட்டையில எழுதி நூல் போட்டு கட்டணும். மூச்சு வாங்கும், நிறுத்துவாரு, திரும்ப ஆரம்பிப்பாரு. சில சாவிக்கு அவருக்கே ஞாபகம் வரல, அடுத்த வாரம் யோசிச்சு வெச்சிருந்து சொன்னாரு. அதுக்கப்புறம் எந்த பில்லு எந்த தேதிக்கு கட்டணும், இன்சூரன்ஸ் பேப்பர் எந்த ஃபைல்ல இருக்கு, இதெல்லாம் தம் பொண்ணை பக்கத்துல வெச்சு அவங்க கையாலயே எழுத வெச்சாரு, அப்ப நான் வெளிய வந்துட்டேன். உணர்ச்சிகரமா ஒரு வார்த்தை அவர் என்கிட்ட பேசினதில்ல. ஆனா நான் போன வீடுகள்லயே வலி கம்மியா சொன்னது அவர்தான்னு நர்ஸ் சொன்னாங்க, சாவிக் கொத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் நெனைக்கறேன், அவங்க சிரிச்சிட்டு விட்டுட்டாங்க.

கட்டில் பக்கத்துல உக்கார மனசு ஒத்துக்கலையா, அதனால உங்களுக்கு இங்க வேலை இல்லைன்னு நெனைச்சிடாதீங்க. காத்து மெத்தை, வீல்சேர், கமோட் சேர் இதெல்லாம் ஒரு வீட்ல தேவை முடிஞ்சு அடுத்த வீட்டுக்குப் போகணும், அதை வாங்கி கழுவி ரிப்பேர் பாத்து கணக்கு வெச்சுக்க ஒரு ஆள் வேணும். நர்ஸை கார்ல கூட்டிட்டுப் போக ஆள் வேணும், ரோஸ்டர் போட, ஃபோன் எடுக்க, நன்கொடை ரசீது எழுத ஆள் வேணும். கேரளாவுல 1993ல கோழிக்கோட்டுல பெயின் அண்ட் பேலியேட்டிவ் கேர் சொசைட்டி ஆரம்பிச்சு, 2001லேர்ந்து அக்கம்பக்கத்து ஜனங்களே குழுவா சேந்து நோயாளிகளைக் கண்டுபிடிச்சு பாத்துக்கற நெட்வொர்க்கா அது வளந்தது இப்படிப்பட்ட ஆளுங்களால தான், 2008ல இந்தியாவுலயே மொதல் மாநிலமா அங்க அரசாங்கமே பேலியேட்டிவ் கேர் பாலிசி கொண்டு வந்துச்சு. அமெரிக்காவுல மெடிகேர்ங்கற அரசாங்க இன்சூரன்ஸ்லேர்ந்து பணம் வாங்கற ஹாஸ்பிஸ்ல, நோயாளி கவனிப்புக்கு ஆகற மொத்த நேரத்துல கொறஞ்சது 5 சதவீதத்துக்கு ஈடா வாலண்டியர் நேரம் இருக்கணும்னு ரூலே இருக்கு. வாலண்டியர்னா ஓரமா நிக்கற ஆள் இல்லைங்கறதுக்காக சொன்னேன்.

கடைசி நாட்கள். கை கால் ஜில்லுன்னு ஆகும், தோல்ல திட்டுத்திட்டா நெறம் மாறும், பெரும்பாலும் தூக்கம், மூச்சு கொஞ்ச நேரம் நின்னு நின்னு வரும், தொண்டையில கரகரன்னு சத்தம் கேக்கும். அந்த சத்தம் கேக்கற நமக்குத்தான் கலவரமா இருக்கும், அந்த மயக்க நெலையில இருக்கறவங்களுக்கு அது பெருசா கஷ்டம் குடுக்கறதில்லன்னு தான் டாக்டருங்க சொல்லுவாங்க, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா கொறையும். இதெல்லாம் வரும்னு நர்ஸ் முன்னாடியே குடும்பத்துக்கு சொல்லி வெச்சிருக்கணும், சொல்லலைன்னா பயந்து போயி ராத்திரி ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, வேணாம்னு அவரே சொன்ன ஐசியூல கொண்டு சேத்துடுவாங்க. ராத்திரி யாருக்கு ஃபோன் பண்ணணும்னு பெரிய எழுத்துல எழுதி சுவத்துல ஒட்டியிருக்கான்னு பாக்கறது நம்ம வேலை. பேச்சு மூச்சு இல்லாம கெடக்கறப்பவும் காது கேக்கும்னு நெனைச்சே பேசுங்க, கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டி ஆளுங்க 2020ல வெளியிட்ட ஆராய்ச்சியில அந்த நெலைமையில இருந்த சிலரோட மூளை சத்தத்துக்கு பதில் குடுத்ததை பதிவு பண்ணியிருக்காங்க. கட்டில் தலைமாட்டுல நின்னு சொத்துக் கணக்கு பேசறவங்களுக்கு இதை நான் தனியா கூப்பிட்டு சொல்றதுண்டு.

யாருமே இல்லாதவங்களும் இருக்காங்க. அமெரிக்காவுல ஓரிகன்ல சாண்ட்ரா க்ளார்க்னு ஒரு நர்ஸ், கொஞ்சம் கூட உக்காருங்கன்னு கேட்ட ஒரு பெரியவர்கிட்ட மத்த நோயாளிகளை பாத்துட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயி திரும்பறதுக்குள்ள அவர் போயிட்டாரு. அது மனசை அரிச்சு தான், யாரும் தனியா சாகக்கூடாதுன்னு ஆள் மாத்தி ஆள் பக்கத்துல உக்கார்ற வாலண்டியர் திட்டத்தை அவங்க 2001ல ஆரம்பிச்சாங்க, இப்ப பல ஆஸ்பத்திரியில அது இருக்கு.

நெருங்கின ஒருத்தரை சமீபத்துல பறிகொடுத்தவங்க உடனே சேர வருவாங்க. பல ஹாஸ்பிஸ்ல ஒரு வருஷம் மாதிரி போகட்டும்னு சொல்லி அனுப்புவாங்க, அது மறுப்பு இல்ல, அந்த துக்கம் அடுத்தவங்க கட்டில்ல போயி இறங்கிடக் கூடாதுன்னு தான். வேற ஒரு வகை இருக்கு, அவங்க மேல எனக்கு கோவமே உண்டு: வேர், இலை, அற்புத ஜூஸ்னு எதையாவது தூக்கிட்டு வர்றவங்க, மதம் மாத்த வாய்ப்புன்னு பாக்கறவங்க, போன ஜென்ம பாவம்னு விளக்கம் சொல்றவங்க. இவங்களை எல்லாம் முதல் வாரத்துலயே வெளிய அனுப்பற கோஆர்டினேட்டர் தான் நல்ல கோஆர்டினேட்டர்.

இறந்த அப்புறம் வேலை முடியலை. முதல் பத்து பதினஞ்சு நாள் வீடு நெறைய ஆளு இருக்கும், அப்ப நாம தேவையில்ல. ரெண்டு மூணு மாசம் கழிச்சு எல்லாரும் அவங்கவங்க வேலைக்கு போயிருப்பாங்க, அப்ப ஒரு ஃபோன், முடிஞ்சா ஒரு தடவை நேர்ல. பேசறப்ப போனவர் பேரைச் சொல்லிப் பேசுங்க, எல்லாரும் அவங்க முன்னாடி அந்தப் பேரையே தவிர்ப்பாங்க. தூக்கமே இல்ல, சாப்பிடறதில்ல, நானும் போயிடறேன்னு பேச்சு வந்தா அப்பவே கவுன்சிலருக்கு சொல்லிடணும்.

நமக்கும் கணக்கு இருக்கு. உங்க சொந்த நம்பரை குடுக்காதீங்க, டீம் நம்பர் குடுங்க. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் யார்கிட்டயும் பேசாம இருக்கணும்னா இருங்க. மாசாமாசம் வாலண்டியர் எல்லாரும் உக்காந்து பேசற கூட்டத்தை மட்டும் தவற விடாதீங்க, அழறவங்க அழுவாங்க, சிரிக்கறதும் நடக்கும், வெளிய ஆள் கேட்டா தப்பா நெனைக்கற அளவுக்கு சிரிப்போம்.

சேரப் போறீங்கன்னா கோஆர்டினேட்டர்கிட்ட நாலு விஷயம் கேட்டுடுங்க: ட்ரெயினிங் எத்தனை நாள், மொதல் சில தடவை அனுபவப்பட்ட ஆளோட சேத்து அனுப்புவீங்களா, நான் அந்த வீட்ல இருக்கறப்ப ஏதாவது ஆச்சுன்னா எந்த நம்பருக்கு கூப்பிடணும், அந்த ஃபோனை யார் எடுப்பாங்க. மூணாவது நாலாவதுக்கு பதில் இழுத்தாங்கன்னா அந்த டீம்ல ஃபோன் எடுக்கற வாலண்டியரா மொதல்ல நீங்களே சேந்துடுங்க, வீட்டுக்குப் போறது அப்புறம் பாத்துக்கலாம்.